தோத்தா எழுந்து போவாரா? ஆட்சி வகைகள் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல ஒருத்தர் "சர்வாதிகாரம்னா எல்லாம் ஒண்ணுதானே, அதுல என்ன ரகம் பிரிக்கறது"ன்னு கேட்டிருந்தாரு, நான் இடம் இல்லாம "இல்லீங்க, நெறைய ரகம் இருக்கு"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டேன். அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப்பும் பார்த்தா ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் யாரும் விடற மாதிரி தெரியல. அதனால இந்த இதழ்ல சினிமா கேள்வி, ஜோசியக் கேள்வி எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு இது மட்டும்தான்.

அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லுங்க. ஆட்சின்னா ஜனநாயகம், சர்வாதிகாரம் ரெண்டுதானே? இதுக்கு இன்னாத்துக்கு காலேஜ்ல தனி பேப்பர் வெக்கறாங்க?
– ஆட்டோ ஓட்டுநர், தண்டையார்பேட்டை

மொத வெட்டுக்கு ரெண்டு போதும், தப்பே இல்ல. பதவியில இருக்கறவரு தேர்தல்ல தோத்தா எழுந்து வீட்டுக்குப் போவாரான்னு கேளுங்க. போவார்னா ஒரு பக்கம், போகமாட்டார்னா மறுபக்கம். ஆடம் பிரசெவோர்ஸ்கின்னு போலந்துல பொறந்த அரசியல் அறிஞர், ஆளுற கட்சி தேர்தல்ல தோக்குற முறைக்குப் பேர்தான் ஜனநாயகம்னு சொன்னாரு. ஜெயிக்கறது எல்லா நாட்லயும் நடக்கும், தோக்கறதுதான் எல்லா நாட்லயும் நடக்காது.

ஆனா அந்த மறுபக்கத்துல யார் யாரு நிக்கறாங்கன்னு பாருங்க. சவுதி ராஜா நிக்கறாரு, சீனா கம்யூனிஸ்ட் கட்சி நிக்குது, மியான்மர் ராணுவம் நிக்குது. இவங்க வந்த விதம் வேற, நடத்தற விதம் வேற, எல்லாத்துக்கும் மேல விழற விதம் வேற. பார்பரா கெடஸ்னு ஒரு அமெரிக்க அம்மா 1999ல ராணுவ ஆட்சி, ஒரு கட்சி ஆட்சி, தனி ஆள் ஆட்சின்னு மூணா பிரிச்சு எது எவ்ளோ நாள் தாங்குதுன்னு பார்த்தாங்க. ராணுவ ஆட்சிதான் சீக்கிரம் முடியுது, ஏன்னா பட்டாளத்துக்காரனுக்கு திரும்பிப் போக முகாம் இருக்கு, சம்பளம் இருக்கு, உள்ளுக்குள்ள அடிச்சுக்கிட்டு ராணுவமே உடையறதுக்கு பேசி முடிச்சுட்டு போயிடலாம்னு ஒரு கட்டத்துல நெனைப்பான். கட்சி ஆட்சிதான் ரொம்ப நாள் ஓடுது. தனி ஆள் ஆட்சி மாட்டிக்கிட்ட ஆட்சி, எறங்கினா போக்கிடம் கெடையாது, அதனால பெரும்பாலும் ரத்தத்துல முடியும் இல்ல ராத்திரியோட ராத்திரியா பிளைட் ஏறி முடியும். லிபியாவுல கடாபி 1969ல வந்து 2011ல எப்படி முடிஞ்சாருன்னு டிவியில எல்லாரும் பார்த்தோமே. ரகம் பிரிக்கறதோட லாபம் இதுதான், அடுத்து என்ன ஆகும்னு ஓரளவு கணிக்கலாம்.

வேலை பழசுங்க இது. அரிஸ்டாட்டில் காலத்துலயே 158 ஊரோட ஆட்சி முறையை அவரும் அவர் சிஷ்யப் பசங்களும் உக்காந்து சேகரிச்சாங்க. ஆளறது ஒருத்தரா, சிலரா, பலரா, ஆளறது ஊருக்காகவா தனக்காகவான்னு ரெண்டே கேள்வி கேட்டு ஆறு வகை பிரிச்சுட்டாரு மனுஷன். அந்த 158ல ஏதென்ஸ் பத்தினது மட்டும்தான் பாப்பிரஸ் சுருள்ல கெடைச்சு 1891ல அச்சுல வந்துச்சு.

எங்க தாத்தா ரங்கூன்ல கடை வெச்சிருந்தவரு. "பட்டாளத்தான் வந்தான், கடை போச்சு, கட்டின துணியோட கப்பல் ஏறினோம்"னு சாகற வரைக்கும் சொல்வாரு. நே வின் நடத்தினது மிலிட்டரி ஆட்சியா, கம்யூனிஸ்ட் ஆட்சியா, என்னதான் அது?
– வாசகி, வியாசர்பாடி

உங்க கேள்விக்குத்தான்மா இந்த இதழ்ல நான் அதிகமா இடம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா ஆட்சி வகை எல்லாத்தையும் ஒரே நாட்ல பார்க்கணும்னா அது பர்மாதான், இப்ப மியான்மர்னு சொல்றோமே அதேதான். அதோட கதைல பாதி நம்ம ஏரியாவுலதான் கெடக்கு, வியாசர்பாடியில கெடக்கு, பீச் ஸ்டேஷன் எதிர்ல சாயங்காலம் அத்தோங்கற பர்மா நூடுல்ஸ் விக்கற தள்ளுவண்டியில கெடக்கு.

1948ல சுதந்திரம் வாங்கினப்ப அது பார்லிமென்ட் ஜனநாயகம். ஊ நூ பிரதமர், தேர்தல் நடந்துச்சு, உள்நாட்டுச் சண்டையும் சேர்ந்தே நடந்துச்சு. 1962 மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் புடிச்சாரு, புரட்சிக் குழுன்னு ஒண்ணு போட்டாரு, அதுல இருந்தவங்க அத்தனை பேரும் ராணுவ அதிகாரிங்க. அப்போதைக்கு அது சுத்தமான ராணுவ ஆட்சி. 1963ல பேங்க்கையெல்லாம் அரசுடைமை ஆக்கினாங்க, அடுத்த வருஷம் கடைகண்ணியையும், அதோட 1964 மே மாசம் 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. கையில ரொக்கமா வெச்சிருந்தது யாரு? வியாபாரம் பண்ணின நம்மாளுங்கதான். உங்க தாத்தா கடை போனதும், கூட்டம் கூட்டமா மெட்ராஸ் துறைமுகத்துல வந்து எறங்கினதும் இந்தச் சமயத்துலதான். அப்படி வந்தவங்க பொழைப்புக்காகத்தான் 1969ல பர்மா பஜார் உருவாச்சு.

சரி, கம்யூனிஸ்ட்டான்னு கேட்டீங்க. சோசலிசத்துக்கு பர்மியப் பாதைன்னு ஒரு கொள்கை அறிக்கை போட்டாங்க, அதுல கொஞ்சம் மார்க்ஸ், கொஞ்சம் புத்தர். அந்த ஊர் கம்யூனிஸ்ட் கட்சி அப்ப காட்டுக்குள்ள துப்பாக்கியோட இந்த அரசாங்கத்தை எதிர்த்து சண்டை போட்டுக்கிட்டு இருந்துச்சு, அதனால அந்தப் பேரு சேராது. 1964ல தன்னோட கட்சி தவிர எல்லாத்தையும் தடை பண்ணாரு. 1974ல புதுசா அரசியல் சட்டம் எழுதி, யூனிஃபார்மை கழட்டிட்டு ஜனாதிபதியா உக்காந்தாரு. பேப்பர்ல பார்த்தா இப்ப ஒரு கட்சி ஆட்சி, ஆளு அதே ஆளு, சுத்தி நிக்கறவங்களும் அதே ஆளுங்க, பேன்ட்டுக்கு பதிலா லுங்கி.

அப்புறம் பாருங்க, 1981ல ஜனாதிபதி பதவியையும் விட்டாரு, கட்சித் தலைவர் மட்டும்தான், ஆனாலும் அவர் சொன்னதுதான் சட்டம். 1987ல திடீர்னு 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னு சொல்லிட்டு 45, 90 கியாட்னு நோட்டு அடிச்சாங்க. 45 ரூவாய்க்கும் 90 ரூவாய்க்கும் நோட்டு அடிச்ச நாட்ட எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? ரெண்டுமே ஒம்போதால வகுபடற நம்பர், ஒம்போது அவருக்கு ராசின்னு பரவலா சொல்வாங்க. ஒரு நாட்டோட மொத்த ஜனங்களோட சேமிப்பு ஒரு ஆளோட நம்பிக்கைல போச்சுன்னா அதை ராணுவ ஆட்சின்னும் கட்சி ஆட்சின்னும் மட்டும் சொல்லிட்டு விட முடியாது, அது தனி ஆள் ஆட்சி. ஆக பொறந்தது ராணுவமா, சட்டை போட்டது கட்சியா, முத்திப்போனது தனி ஆளா. பாடப் புத்தகத்துல இதையெல்லாம் தனித்தனி கட்டமா போட்டிருப்பான், நெஜத்துல ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள கலந்துதான் கெடக்கும்.

1988ல ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க, நே வின் கட்சிப் பதவியும் விட்டாரு, செப்டம்பர்ல ராணுவம் நேராவே வந்து உக்காந்துச்சு. 1990ல தேர்தல் வெச்சாங்க, ஆங் சான் சூச்சி கட்சி அஞ்சுல நாலு பங்கு சீட் ஜெயிச்சுது, ஆட்சியை குடுக்கவே இல்ல. இங்கதான் மேல சொன்ன சோதனை நிக்குது பாருங்க, தேர்தல் நடந்துச்சு, எண்ணினாங்க, தோத்தவன் எழுந்திருக்கல. அப்புறம் 2008ல ஒரு அரசியல் சட்டம் எழுதினாங்க, அதை நெஜமாவே மூளையோட எழுதியிருக்கான். பார்லிமென்ட்ல 25 சதவீதம் சீட்டு ராணுவத்துக்கு, தேர்தலே கெடையாது. சட்டத்தோட முக்கியப் பகுதிய திருத்தணும்னா 75 சதவீதத்துக்கு மேல ஓட்டு வேணும். கணக்கு போட்டுப் பாருங்க, ராணுவத்துல ஒருத்தன் சரின்னு தலையாட்டாம எதையும் மாத்த முடியாது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூணு மந்திரியும் தளபதி சொல்ற ஆள். 2015ல சூச்சி கட்சி ஜெயிச்சு அரசாங்கம் அமைச்சுது, அந்த அஞ்சு வருஷத்தை ஜனநாயகம்னு எழுதினவங்களும் உண்டு, எனக்கு அந்த வார்த்தை அப்பவே ஒட்டல, பாதி வீட்டுச் சாவி வேறொருத்தன் கையில இருந்துச்சு. 2020ல இன்னும் பெருசா ஜெயிச்சாங்க, 2021 பிப்ரவரி 1ஆம் தேதி புது பார்லிமென்ட் கூட வேண்டிய அன்னிக்கு விடியக்காலைல எல்லாரையும் புடிச்சு உள்ள போட்டுட்டாங்க.

உங்க தாத்தா "பட்டாளத்தான்"னு ஒரே வார்த்தைல சொன்னாரு இல்ல, மொத ரெண்டு வருஷத்துக்கு அது கரெக்டு. அவர் பார்த்ததும் அந்த ரெண்டு வருஷம்தான்.

வட கொரியாவோட முழுப் பேர்ல ஜனநாயகம், மக்கள், குடியரசு மூணும் இருக்காமே?
– வாசகர், எண்ணூர்

கவரிங் நகைல 916னு முத்திரை குத்திட்டா அடகுக்கடை சேட்டு பணம் குடுப்பாரா? 1948லேர்ந்து தாத்தா, அப்பா, பேரன்னு மூணு தலைமுறை. தேர்தலும் உண்டு, தொகுதிக்கு ஒரே ஒரு வேட்பாளர்னு பல காலம் நடந்துச்சு.

துபாய்ல பத்து வருஷத்துக்கு மேல வேலை பார்த்துட்டு வந்தவன் நான். ரோடு, கரண்ட், போலீஸ் எல்லாம் கச்சிதம். ராஜா ஆட்சின்னா அவ்ளோ மட்டமா? இங்கிலாந்துலயும் ராஜாதானே இருக்காரு?
– ஏசி மெக்கானிக், ராயபுரம்

ராஜா இருக்கறது வேற, ராஜா ஆளறது வேற. இங்கிலாந்துல பார்லிமென்ட் பாஸ் பண்ணின மசோதாவுக்கு கையெழுத்து போட மாட்டேன்னு கடைசியா ஒரு ராணி சொன்னது 1708ல. அதுக்கப்புறம் வந்த ராஜா ராணி யாரும் சொன்னதில்ல. ஜப்பான், சுவீடன் எல்லாம் இதே கணக்குதான். மலேசியாவுல இன்னும் வேடிக்கை, ஒம்போது மாநிலத்து மன்னருங்க தங்களுக்குள்ள முறை வெச்சு அஞ்சு வருஷத்துக்கு ஒருத்தர் மாமன்னர்.

துபாய் இருக்கற எமிரேட்ஸ்ல ஏழு ஆட்சியாளருங்க சேர்ந்து தங்கள்ல ஒருத்தரை ஜனாதிபதியா வெச்சுக்கறாங்க, அது அபுதாபிக்காரர்தான்னு ஆகிப்போச்சு. 40 பேர் கொண்ட ஒரு தேசிய கவுன்சில் இருக்கு, பாதி நியமனம், மீதிப் பாதிக்கு ஓட்டு போடறது யாருன்னா அரசாங்கம் தேர்ந்தெடுத்த குடிமக்கள், அதுவும் ஆலோசனை சொல்றதோட சரி. குவைத் இந்தப் பக்கத்துலயே கொஞ்சம் வேற மாதிரி, 1963லேர்ந்து தேர்தல்ல வந்த பார்லிமென்ட் இருந்துச்சு, மந்திரிங்களை நிக்க வெச்சு கேள்வி கேட்டு ராஜினாமா பண்ண வெக்கற அளவுக்குப் போனாங்க, 2024 மே மாசம் அமீர் அதைக் கலைச்சு நாலு வருஷம் வரைக்கும் நிறுத்தி வெக்கறேன்னுட்டாரு. தடுக்க ஆளில்ல. முழு முடியாட்சின்னா அர்த்தம் இதுதான்.

மட்டமான்னு கேட்டீங்க. ரோடு நல்லா இருந்துச்சுன்னு நீங்க சொல்றதை நான் மறுக்கல, நம்ம மணலி ரோட்ல மழைக்காலத்துல வண்டி ஓட்டறவன் மறுக்கவும் முடியாது. ஆனா ஆட்சி எந்த வகைங்கறதும் ஆட்சி நல்லா நடக்குதாங்கறதும் ரெண்டு தனிக் கேள்வி அண்ணே, ரெண்டையும் ஒண்ணா போட்டு கொழப்பிக்கக்கூடாது. எண்ணெய்ப் பணம் இருந்தும் நாசமாப்போன சர்வாதிகாரம் நெறைய இருக்கு. இன்னொண்ணு, அங்க இருக்கறவங்கள்ல பத்துக்கு ஒம்போது பேர் கிட்ட வெளிநாட்டுக்காரங்க. நீங்க அந்த ஆட்சியோட வேலையாளு, குடிமகன் இல்ல. உங்க ஸ்பான்சர் பாஸ்போர்ட்டை வாங்கி பெட்டியில வெச்சுக்கிட்டா யார்கிட்ட போய் கேக்கறதுன்னு அங்க போய்ட்டு வந்த யாரையாவது கேட்டுப்பாருங்க, நம்ம தெருவுலயே ரெண்டு பேர் இருப்பாங்க.

சார், செமஸ்டர் வருது. டோட்டாலிட்டேரியன், அதாரிட்டேரியன் ரெண்டுத்துக்கும் வித்தியாசம் ரெண்டு வரியில வேணும்.
– கல்லூரி மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

மொதல் ஆளு நீ வந்து கை தட்டணும்பான். ரெண்டாவது ஆளு நீ வீட்ல வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும்பான்.

பேப்பர்ல எழுத இன்னும் கொஞ்சம் வேணும்னா, இதைப் பிரிச்சது ஹுவான் லின்ஸ்ங்கற அரசியல் அறிஞர், 1964ல ஸ்பெயினோட பிராங்கோ ஆட்சியை வெச்சு எழுதினாரு. ஹிட்லர், ஸ்டாலின் ஆட்சிங்கள்ல ஒரு முழு சித்தாந்தம் இருக்கும், ஒரே கட்சி இருக்கும், சின்னப் பசங்க சங்கத்துலேர்ந்து பாட்டு கிளப் வரைக்கும் அதோட கையில இருக்கும், ஜனங்களை ஊர்வலத்துக்கு இழுத்துக்கிட்டே இருப்பாங்க. பிராங்கோகிட்ட அப்படி இல்ல, சர்ச் தனி, ராணுவம் தனி, முதலாளிங்க தனி, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம், அரசியல் மட்டும் பேசாதன்னுட்டாரு. அந்த "அளவான பன்மை"ங்கறதை கண்டிப்பா எழுதும்மா, மார்க் அதுக்குத்தான்.

பணம் வாங்கிக்கிட்டு ஓட்டு போடறோம், அப்புறம் என்ன ஜனநாயகம்? வெக்கமா இருக்கு.
– இல்லத்தரசி, கொருக்குப்பேட்டை

ஆர்.கே.நகர் தொகுதிக்காரங்க கேக்கறீங்க, வெவரம் இல்லாமயா கேப்பீங்க. 2017 ஏப்ரல்ல நடக்க வேண்டிய இடைத்தேர்தலை பணப் பட்டுவாடான்னு தேர்தல் கமிஷனே ரத்து பண்ணுச்சு. டிசம்பர்ல மறுபடி வெச்சாங்க, ஆளுங்கட்சி நின்னுச்சு, பெரிய எதிர்க்கட்சி நின்னுச்சு, குக்கர் சின்னத்துல சுயேச்சையா நின்ன டி.டி.வி.தினகரன் 40 ஆயிரத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாரு. எதை வெச்சு ஜெயிச்சாருன்னு ஆளுக்கு ஒரு கதை சொல்வாங்க, அதுக்குள்ள நான் போகல. ஆனா ரகம் பிரிக்கறவன் கண்ணுல பட வேண்டியது என்னன்னா, மத்தியில மாநிலத்துல அதிகாரத்துல இருந்த யாரும் நெனைச்ச முடிவு வரல, வந்த முடிவை யாரும் மாத்தவும் இல்ல.

காசு குடுக்கறது நோய்தான், மறுக்கல. பிரிட்டன்ல இதைவிட மோசமா நடந்துச்சு, ஓட்டை சத்தமா சொல்லித்தான் போடணும், நிலத்துக்காரன் முன்னாடி நின்னுட்டிருப்பான், காசு வாங்கினவன் மாத்திப் போட முடியாது. 1872ல ரகசிய வாக்கெடுப்பு வந்தப்பறம்தான் குடுத்த காசுக்கு உத்தரவாதம் இல்லாம போச்சு. அந்த ரகசியம்தாங்க உங்க கையில இருக்கற ஒரே ஆயுதம், நாலு பேர்கிட்ட வாங்கிக்கிட்டு அஞ்சாவது ஆளுக்கு போடலாம்னு எல்லாருக்கும் தெரியும், குடுக்கறவனுக்கும் தெரியும். நான் கவலைப்படறது வேற எடத்துல. இப்ப பூத் வாரியா எண்ணி ரிசல்ட் போடறாங்க, ஒரு பூத்ல ஆயிரம் சொச்சம் ஓட்டு, எந்தத் தெரு போடல, எந்த ஹவுசிங் போர்டு பிளாக் போடலன்னு புட்டுப்புட்டு வெச்சுடும். அடுத்த அஞ்சு வருஷம் அந்தத் தெருவுக்கு தண்ணி லாரி லேட்டா வந்தா யாரை கேப்பீங்க? பல பூத் ஓட்டை ஒண்ணா கலந்து எண்ணற டோட்டலைசர் மெஷின் வேணும்னு தேர்தல் கமிஷன் 2008லயே கேட்டுச்சு, நடக்கல. காசு வாங்கினதுக்கு வெக்கப்படற நேரத்துல இதுக்கு கோவப்படலாம்.

சோழர் காலத்துக் குடவோலையே உலகின் முதல் ஜனநாயகம் என்று நான் 30 ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். தாங்கள் உடன்படுகிறீர்களா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பெரம்பூர்

ஐயா, பாதி உடன்படறேன், கோச்சுக்காதீங்க. உத்திரமேரூர் கல்வெட்டு பராந்தக சோழன் காலம், 919லயும் 921லயும் வெட்டினது. கோயில் சுவர்ல இன்னும் படிக்கலாம், அதுல இருக்கற ஒழுங்கைப் பார்த்தா இன்னிக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு. ஊரை 30 குடும்பா, அதாவது வார்டு மாதிரி, பிரிச்சு, தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதி, குடத்துல போட்டு குலுக்கி, விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்றாங்க. ஏரி வாரியம், தோட்ட வாரியம்னு தனித்தனி குழு, ஒரு வருஷம்தான் பதவி. முன்ன பதவியில இருந்து கணக்கு காட்டாதவன் மட்டுமில்ல, அவன் சொந்தக்காரங்களும் ஓலையில வரக்கூடாது. இந்த ஒரு விதியை இன்னிக்கு அமல்படுத்தினா எத்தனை கட்சி ஆபீஸ்ல லைட் எரியும்னு தெரியல.

ஆனா யார் பேரை எழுதலாம்? ரெண்டாவது கல்வெட்டுப்படி கால் வேலிக்கு (வேலிங்கறது பழைய நில அளவு) மேல வரி கட்டற நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், 35லேர்ந்து 70க்குள்ள வயசு, வேதம் தெரிஞ்சிருக்கணும். அது பிராமணர்களுக்கு குடுத்த சதுர்வேதிமங்கலத்து சபை ஐயா, உழுதவங்க பேரு எந்தக் குடத்துலயும் இல்ல, பொம்பளைங்க பேரும் இல்ல. மேல ராஜா இருந்தாரு, அந்த விதியைப் போட்டப்ப ராஜாவோட அதிகாரி சபையில கூடவே உக்காந்திருந்தாருன்னு அதே கல்வெட்டு சொல்லுது. "முதல்"ங்கறதும் சரியா வராது, ஏதென்ஸ்ல அதுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல முன்னாடியே 500 பேர் சபையை குலுக்கல்லதான் எடுத்தாங்க. அங்கயும் அடிமைங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் இடம் கெடையாது, வெளியூர்லேர்ந்து வந்து குடியேறி தலைமுறையா வாழ்ந்தவங்களுக்கும் கெடையாது.

அரிஸ்டாட்டில்கிட்ட கேட்டிருந்தா குலுக்கல் ஜனநாயக வழி, தேர்தல்தான் சிலர் ஆட்சியோட வழின்னு சொல்லியிருப்பாரு, அவர் அப்படித்தான் எழுதி வெச்சிருக்காரு. அந்தக் கணக்குல உத்திரமேரூர் முறையில ஜனநாயகம், ஆளுல சிலர் ஆட்சி. கணக்கு கேக்கற ஒழுங்குக்காக பெருமைப்படுங்க, தாராளமா. மொத்தத்துக்கும் பெருமைப்பட சொன்னா எனக்கு கொஞ்சம் நெருடுது.

சிங்கப்பூர்ல ஒழுங்கா தேர்தல் நடக்குது, ஆனா 1959லேர்ந்து ஒரே கட்சி. இந்தியாவுக்கும் ஏதோ சுவீடன்காரன் "தேர்தல் சர்வாதிகாரம்"னு பேர் வெச்சானாம். எதைத்தான் நம்பறது?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், திருவொற்றியூர்

தேர்தல் வெச்சா ஜனநாயகம்ங்கற கணக்கு 1990க்கு அப்புறம் ஒடஞ்சு போச்சு தம்பி. பெட்டியை திருடாமலே ஜெயிக்க ஆயிரம் வழி இருக்கு, தொகுதியை வளைக்கலாம், பத்திரிகையை மடக்கலாம், எதிர்க்கட்சிக்காரன் மேல கேஸ் போட்டே திவால் ஆக்கலாம். இந்த மாதிரி ஆட்சிக்கு லெவிட்ஸ்கி, வே அப்படின்னு ரெண்டு அரசியல் அறிஞருங்க "போட்டி உள்ள எதேச்சாதிகாரம்"னு 2002ல பேரு வெச்சாங்க. மைதானம் சாய்ஞ்சிருக்கும், ஆனா ஆட்டம் நடக்கும், என்னிக்காவது எதிரணி கோல் அடிச்சுடும். மெக்சிகோவுல ஒரு கட்சி 71 வருஷம் ஆண்டு 2000ல தோத்துச்சு. மலேசியாவுல சுதந்திரத்துலேர்ந்து ஆண்ட கூட்டணி 2018 மே மாசம் தோத்துச்சு, ஜெயிச்ச மகாதீருக்கு அப்ப 92 வயசு.

சிங்கப்பூர்ல ஓட்டு எண்ணிக்கையில தில்லுமுல்லுன்னு யாரும் சொல்றதில்ல. ஆனா 1988லேர்ந்து குழுத் தொகுதின்னு ஒரு முறை, நாலஞ்சு பேர் ஒரு டீமா நின்னா மொத்தமா ஜெயிப்பாங்க இல்ல மொத்தமா தோப்பாங்க, அதுல சிறுபான்மை இனத்துல ஒருத்தர் கட்டாயம். நம்ம தமிழாளுங்க பார்லிமென்ட்டுக்கு வர இது உதவுச்சு, நெஜம். சின்னக் கட்சிக்கு அத்தனை நல்ல ஆளைத் தேடறதே பாடா போச்சு, அதுவும் நெஜம். 2001ல 84 சீட்ல 55க்கு போட்டியே இல்ல, மனு தாக்கல் அன்னிக்கே ஆட்சி முடிவாயிடுச்சு. 2011லதான் மொத தடவையா ஒரு குழுத் தொகுதி ஆளுங்கட்சி கையை விட்டுப் போச்சு. அங்க நேர்மையா எண்ணறாங்க, அதுக்கு மேல நியாயமா விளையாட விடறாங்களாங்கறதுதான் சர்ச்சை.

இந்தியா விஷயம். சுவீடனோட கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்துல இருக்கற, ஜனநாயகத்தை அளக்கற வி-டெம் அமைப்பு 2021 அறிக்கையில அப்படி போட்டுது, அதே வருஷம் அமெரிக்காவோட ஃப்ரீடம் ஹவுஸ் "பாதி சுதந்திரம்"னு எறக்குச்சு, லண்டன்ல எக்கனாமிஸ்ட் குழுமம் வருஷா வருஷம் "குறையுள்ள ஜனநாயகம்"ங்குது. மத்திய அரசு இதெல்லாம் ஒரு சார்புன்னு நிராகரிச்சுது. இதுங்கள்ல பெரும்பகுதி நிபுணர்களுக்கு கேள்வி குடுத்து மார்க் போட வெக்கறது, அதனால ஆளோட பார்வை உள்ள வந்துதான் தீரும். அதுக்காக குப்பைல போடவும் வேணாம். என் வழக்கம், மேல ஒட்டியிருக்கற பேரை விட்டுட்டு உள்ள பிரிச்சு குடுத்த மார்க்கைப் பார்க்கறது. இந்தியாவுக்கு பத்திரிகை சுதந்திரத்துலயும் பேச்சுரிமையிலயும் எறங்கியிருக்கும், ஓட்டுப் போடற பகுதியில அவ்ளோ எறங்கியிருக்காது. தேர்வுல கேட்டா அமைப்போட பேரை வெச்சு எழுது, உன் கருத்தா எழுதாத.

எமர்ஜென்சி அப்ப எனக்கு வயசு 20. அந்த 21 மாசம் இந்தியா எந்த வகை நாடு?
– ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, புளியந்தோப்பு

எதேச்சாதிகாரம்தான் ஐயா, சந்தேகமில்ல. விசேஷம் என்னன்னா எல்லாமே அரசியல் சட்டத்துக்குள்ள வெச்சே பண்ணாங்க, பிரிவு 352, குடியரசுத் தலைவர் கையெழுத்து, பார்லிமென்ட் ஒப்புதல், எல்லா பேப்பரும் கச்சிதம். டாங்கி ஒண்ணு கூட ரோட்டுக்கு வரல. 1976 ஜனவரி 31ல இங்க திமுக ஆட்சியைக் கலைச்சாங்க, மிசாங்கற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்துல புடிச்சவங்களை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல இருந்த பழைய ஜெயில்ல போட்டு அடிச்சாங்க, முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்த அடியிலேர்ந்து மீளல. புடிச்சு வெச்சதை கேள்வி கேட்டு கோர்ட்டுக்கு வரலாமான்னு சுப்ரீம் கோர்ட்டுக்கு போனப்ப நாலு நீதிபதி முடியாதுன்னாங்க, எச்.ஆர்.கன்னா ஒருத்தர்தான் முடியும்னாரு, தலைமை நீதிபதி பதவி அவருக்கு கெடைக்காம போச்சு.

ஆனா 1977 மார்ச்ல தேர்தல் வெச்சு, தோத்து, இந்திரா காந்தி எழுந்து போனாங்க. அது ஏன்னு இன்னிக்கு வரைக்கும் வாதம் ஓடுது. இன்னொரு கூத்து, வடக்க மொத்தமா துடைச்செறிஞ்ச காங்கிரசுக்கு தமிழ்நாட்ல அதிமுக கூட்டணியோட 39ல 34 கெடைச்சுது. அந்த அலைல எதிர்த்து நின்ன சில தொகுதியில ஒண்ணு நம்ம வடசென்னை, ஏ.வி.பி.ஆசைத்தம்பியை அனுப்பி வெச்சோம். நீங்களும் ஓட்டு போட்டிருப்பீங்க.

சிலோன்லயும் ஜனாதிபதி, பிரதமர். நம்மூர்லயும் அதே. அங்க மட்டும் ஏன் ஜனாதிபதி ஆட்டம் போடறாரு?
– மீன் வியாபாரி, காசிமேடு

நம்ம ஜனாதிபதியை ஜனங்க நேரா தேர்ந்தெடுக்கல, பிரதமர் சொல்றதுல கையெழுத்து. பிரதமர் மக்களவை பலத்துல நிக்கறாரு, 1999 ஏப்ரல்ல வாஜ்பாய் ஒரே ஒரு ஓட்டுல போனது ஞாபகம் இருக்குமே, இங்கேர்ந்துதான ஆதரவை வாபஸ் வாங்கினாங்க. சிலோன்ல ஜெயவர்த்தனா 1978ல பிரான்ஸ் மாதிரி ஒரு முறையை, அதைவிட கெட்டியா கொண்டுவந்தாரு, ஜனாதிபதியை ஜனங்க நேரா தேர்ந்தெடுப்பாங்க, பிரதமரும் இருப்பாரு. ரெண்டு பேரும் ஒரே கட்சியா இருந்தா பிரதமர் பியூன், வேற வேற கட்சின்னா சண்டை. 2018 அக்டோபர்ல அப்ப ஜனாதிபதியா இருந்த சிறிசேன, பிரதமர் ரணிலை நீக்கிட்டு ராஜபக்சவை போட்டாரு, ரெண்டு பேரும் நான்தான் பிரதமர்னாங்க, பார்லிமென்ட்டுக்குள்ள மொளகாத்தூள் வீசற அளவுக்குப் போச்சு. டிசம்பர்ல பார்லிமென்ட்டைக் கலைச்சது செல்லாதுன்னு அங்கத்து சுப்ரீம் கோர்ட் சொன்னப்பறம்தான் அடங்கினாங்க.

எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரி பல வருஷமா எழுந்திருக்க மாட்டேங்கறாரு. பொதுக்குழு கூட்டறதில்ல, லிஃப்ட் கணக்கு காட்டறதில்ல. இது எந்த வகை ஆட்சி?
– வாசகர், மாதவரம்

தனி ஆள் ஆட்சி. ஆனா அவருக்கு ராணுவம் இல்ல, செக்யூரிட்டி தாத்தா ஒருத்தர்தான். சங்கம் 1975ஆம் வருஷ சங்கப் பதிவுச் சட்டத்துல பதிவாகியிருக்கான்னு மொதல்ல பாருங்க. ஆகியிருந்தா வருஷாந்திரப் பொதுக்குழு கட்டாயம், கணக்கு தாக்கல் கட்டாயம். உறுப்பினர்ல மூணுல ஒரு பங்கு பேர்கிட்ட கையெழுத்து வாங்கி மாவட்டப் பதிவாளர்கிட்ட விசாரணை கேட்டு மனு குடுங்க. கையெழுத்தை லிஃப்ட்டுக்குள்ள நின்னு வாங்காதீங்க, மாடி மாடியா போய் வாங்குங்க, லிஃப்ட்ல கேமரா இருக்கும்.